தேக்குப் பலகையும் சுவரின் நிறமும்

 

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற நம் கடற்கரை ஊர்களின் பழைய வீடுகளில் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது மரமே. நிலை, கதவு, தூண், மச்சு என்று முன்னோர் பர்மாத் தேக்கைத் தாராளமாகவே இழைத்திருக்கின்றனர். அவ்வீடுகளுக்கு வண்ணம் பூசும் காலம் வந்தால், தேர்வு பெரும்பாலும் விடுமுறையில் வந்த ஆண்மக்களுடையதாகிவிடுகிறது. கடைக்காரர் கொடுத்த வண்ண அட்டையைப் புரட்டிப் பத்து நிமிடத்தில் முடிவு செய்துவிட்டு, விமானம் ஏறிவிடுகின்றனர். அந்தச் சுவரோடு வாழ்பவர்கள் வீட்டுப் பெண்கள்.

என் மூத்த சகோதரியின் இத்தா நாட்களில்தான் இதன் கனம் எனக்கு விளங்கியது. கணவரை இழந்த அவர் 4 மாதம் 10 நாள் தங்கவேண்டிய உள்ளறைக்கு ஒரே ஜன்னல். சுவரின் பாதியுயரம் வரை தேக்குப் பலகை. அதற்கு மேலே, மரத்துக்குப் பொருத்தம் என்று கருதி எப்போதோ பூசிய அரக்கு நிற டிஸ்டெம்பர். மரமும் சுவரும் ஒன்றாகக் கலந்து, நண்பகலிலும் விளக்கு வேண்டியிருந்தது. மூன்றாவது வாரம் லாத்தா, "தம்பி, இந்தச் சுவரை மட்டும் கொஞ்சம் வெளுக்க வைக்க முடியுமா?" என்று கேட்டார்.

மௌத்து நடந்த வீட்டில் வண்ணப்பூச்சா என்று உறவினர் சிலர் முகம் சுளித்தனர். மதரஸாவில் ஓதிக்கொடுப்பவன் என்பதால் என்னிடமே விளக்கமும் கேட்டனர். இத்தாவிலிருக்கும் பெண் தவிர்க்கவேண்டியது தன் உடலிலும் உடையிலும் செய்துகொள்ளும் அலங்காரத்தை. விரிப்பையும் வீட்டுப் பொருட்களையும் அழகுறச் செய்வது அவளுக்கு ஆகும் என்பதை, ஷாஃபிஈ மத்ஹபினர் ஓதிவரும் இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜ்' தெளிவாகவே கூறுகிறது. அப்படியிருக்கச் சுவருக்கு என்ன தடை? ஆட்சேபம் அடங்கியது.

இனி, எந்த வெள்ளை? சுண்ணாம்பில் நீலம் கலப்பது நம் வழக்கம். வெறும் சுவருக்கு அது பளிச்சென்றிருக்கும். தேக்கின் அருகே ஆகாது. தேக்கு செம்மஞ்சள் சாயை கொண்ட மரம். நீலம் தோய்ந்த வெள்ளை பக்கத்தில் நின்றால் மரம் மேலும் சிவந்தும், சுவர் குளிர்ந்து வெளிறியும் தோன்றும். நீலத்தை விலக்கி, மஞ்சட்காவியைச் சிறிதளவு கலந்தால் தந்தத்தின் நிறம் வரும், மரத்தோடு பகைக்காது. மரத்தைவிடச் சுவர் நன்கு வெளுத்திருப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. கண்புரை விழுந்த முதியவர்களுக்கு நிலையும் படியும் பிரிந்து தெரியும். பச்சைதான் வேண்டும் என்போர் சாம்பல் தோய்ந்த வெளிர்பச்சையைத் தேடலாம். (கிளிப்பச்சை எனாமலைத் தேக்குக் கதவின் மேலேயே பூசிய வீடுகளையும் பார்த்திருக்கிறேன். அதை இழைத்த ஆசாரி பார்த்தால் அழுதுவிடுவார்.)

பிளாஸ்டிக் எமல்ஷன் நீடித்துழைக்கும் என்றார் ஒருவர். புதிய சிமெண்டுச் சுவருக்கு அது சரி. எங்களுடையதோ சுண்ணாம்புக் காரைச் சுவர். கடலோரத்து ஈரமும் உப்பும் உள்ளிருந்து கசிந்துகொண்டே இருக்கும். அந்த ஈரத்தை எமல்ஷன் அடைத்துவிட்டால், சில ஆண்டுகளில் செதில் செதிலாக உரியும். ஆகவே டிஸ்டெம்பரைச் சுரண்டி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பே பூசுவது என்று தீர்மானித்தோம். செலவும் குறைவு.

பலகையை ஒட்டி, காவியின் அளவை மாற்றி, இரண்டடிச் சதுரங்கள் மூன்று பூசச் செய்தேன். ஈரச் சுண்ணாம்பு காய்ந்த பின் வெகுவாக வெளுத்துவிடும். எனவே ஒரு நாள் காயவிட்டோம். சுபுஹுக்குப் பின்னும், லுஹர் நேரத்திலும், இஷாவுக்குப் பின் விளக்கொளியிலும் லாத்தாவே பார்த்தார். நான் நினைத்திருந்ததை விட்டுவிட்டு, காவி மிகக் குறைந்த சதுரத்தைக் காட்டினார்.

வேலையாட்கள் வந்துபோன இரண்டு நாளும் அவர் அடுத்த அறையில் இருந்தார். பிறகு பலகையின் மேல் சிதறியிருந்த சுண்ணாம்பைத் தாமே ஈரத்துணியால் துடைத்தெடுத்தார். இத்தா முடியும்வரை, பகலில் குர்ஆன் ஓத அவருக்கு விளக்குத் தேவைப்படவில்லை.