உதட்டுக்கு ஆகாத சிவப்பு

சிறுவர் இனிப்பை முதலில் உண்பது கண்ணாலேயாகும். நாவிற் படுமுன்னரே, சிவப்பாயின் செர்ரி என்றும் மஞ்சளாயின் எலுமிச்சை என்றும் கண் முடிவுசெய்து விடுகின்றது. பழமே சேராத இனிப்பிலும் இம்மயக்கத்தை உண்டாக்குவது செயற்கைச் சாயம். அதனாற் சுவையும் கூடுவதில்லை, போசணையும் கூடுவதில்லை. இவ்வாறு பார்வைக்கென மட்டும் சேர்க்கப்படும் ஒரு பொருளின் பொருட்டுச் சிறிதளவு தீங்கையேனும் ஏற்றல் தகுமா என்பது சிந்தித்தற்குரியது.

எரித்ரோசின் என்னும் செஞ்சாயத்தின் வரலாறு இங்கு நோக்கத்தக்கது. ஐக்கிய அமெரிக்காவில் 1907 இல் உணவிற் சேர்க்க அனுமதிபெற்ற இச்சாயம், மிகுந்த அளவில் ஊட்டப்பட்ட ஆண் எலிகளின் தைரொயிட் சுரப்பியிற் கட்டிகளைத் தோற்றுவித்தமை ஆய்வுகளிற் புலனாயிற்று. அதன் பயனாக 1990 இல் அழகுசாதனப் பொருட்களில் அது தடைசெய்யப்பட்டது. இனிப்பிலோ தொடர்ந்தும் அனுமதிக்கப்பட்டது. உதட்டிற் பூசலாகாது என விலக்கப்பட்ட சாயத்தைக் குழந்தைகள் மேலும் 35 ஆண்டுகள் உண்டு வந்தனர். 2025 சனவரியிலேயே உணவுக்கான அனுமதி நீக்கப்பட்டது. அப்போதும் உற்பத்தியாளருக்கு 2027 சனவரி வரை அவகாசம் வழங்கப்பட்டது.

எலிகளில் நிகழ்ந்தது மனிதரிலும் நிகழும் என்பது நிறுவப்படவில்லை என்பர். அது உண்மையே. எனினும், விலங்குகளிற் புற்றுநோயை உண்டாக்கும் சாயம் உணவிற் சேர்க்கப்படலாகாது என்னும் சட்டவிதி அந்நாட்டில் 1960 முதலே இருந்தது என்பதும் மறத்தற்பாலதன்று.

இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர் 2007 இல் வெளியிட்ட ஆய்வு வேறொரு பக்கத்தைக் காட்டிற்று. மூன்று வயதினர் 153 பேருக்கும் எட்டு, ஒன்பது வயதினர் 144 பேருக்கும் சாயங்களும் சோடியம் பென்சோவேற்றும் கலந்த பானம் கொடுக்கப்பட்டபோது, அவர்களிடம் அடங்காத் துருதுருப்பு ஓரளவு மிகுந்தது. கலவையில் எப்பொருள் அதற்குக் காரணம் என்பது தெளிவாகவில்லை. ஆயினும் 2010 யூலை முதல் ஐரோப்பிய ஒன்றியம் ஆறு சாயங்களுக்கு எச்சரிக்கை வாசகத்தைக் கட்டாயமாக்கியது.

எச்சரிக்கை நன்றே. ஆனால் மூன்று வயதுக் குழந்தைக்கு எழுத்துத் தெரியாது, நிறம் தெரியும். மருந்தெனின், நோய் தீரும் பயனை எண்ணிச் சிறு தீங்கைப் பொறுத்துக்கொள்ளலாம். சாயத்தினாற் குழந்தை பெறும் பயன் யாது? ஐயம் நீங்காதவிடத்துச் சட்டம் குழந்தையின் பக்கம் நிற்றலே முறை. தீங்கு உண்டெனக் காட்டுமாறு பெற்றோரைக் கேட்பதன்று. தீங்கில்லையென நிறுவுமாறு விற்போரைக் கேட்பதே நீதியாகும்.