கை வைக்குமுன்

இரத்தோட்டையிலிருந்து மலைப்பக்கம் நோக்குவோருக்கு நக்கிள்ஸ் மலைத்தொடர் முகிலுக்குள் மறைந்தும் வெளிப்பட்டும் காட்சி தரும். மூடிய கையின் விரற்கணுக்களை அதன் சிகரங்கள் ஒத்திருந்தமையாலேயே ஆங்கிலேயர் அதற்கு அப்பெயரை இட்டனர். 2010 ஆம் ஆண்டில் அது உலக மரபுரிமைப் பட்டியலிலும் இடம்பெற்றது. அம்மலையடிவாரத் தோட்டமொன்றின் லயத்திற் பிறந்து, கைகளையே பிழைப்பாகக் கொண்டவள் நான். உடல் பிடித்துவிடுவது என் தொழில். அத்தொழில் எனக்குக் கற்பித்தவற்றுள் ஒன்றை மட்டும் ஈண்டு எழுத விழைகின்றேன்.

எனது முதல் ஆசான் என் அம்மாயி. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து பறித்தவர். அக்காலத்தில் கூடையின் கயிறு தலையிற் பதிய, பாரம் முதுகில் தொங்கும். சரிவான மலையில் கால் வழுக்காமல் நின்று இரு கைகளாலும் பறிக்கும் பெண்ணுக்குக் கழுத்தும் தோளும் முழங்காலும் நோவது இயல்பே. மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு வரும் பெண்கள் எங்கள் வாசலில் அமர்வர். அம்மாயி நல்லெண்ணெயில் பூண்டைக் காய்ச்சி, சூடு ஆறுமுன் தேய்த்துவிடுவார், சுளுக்கு வழிப்பார். கூலி வாங்கியதில்லை. வெற்றிலை கொடுத்தால் மறுத்ததுமில்லை.

பின்னர் கண்டியில் ஒரு பயிற்சி நிலையத்தில் முறையாகக் கற்றேன். சித்த மருத்துவம் இக்கலையைத் 'தொக்கணம்' என அழைத்து, தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என ஒன்பதாக வகுத்துள்ளதை அங்கேதான் அறிந்தேன். அவற்றுட் பலவற்றை அம்மாயியின் கைகள் பெயர் அறியாமலே செய்துவந்தன என்பதை உணர்ந்தபோது பெருமிதம் கொண்டேன். இலங்கையின் 1961 ஆம் ஆண்டு ஆயுர்வேதச் சட்டம் சித்தத்தையும் யுனானியையும் தன்னுள் அடக்கியதாகும். எனினும் லயத்து வாசலில் எண்ணெய் தேய்க்கும் கிழவியை எந்தச் சட்டமும் கணக்கிற் கொள்வதில்லை.

சில ஆண்டுகள் சுற்றுலா விடுதியொன்றில் வேலை செய்தேன். 'மசாஜ்' என்ற சொல்லுக்கு நகரங்களில் ஏற்பட்டுள்ள இழிபொருளை அறிந்தவர்கள், நான் அங்கு பட்ட சங்கடங்களை ஊகித்துக்கொள்ளலாம். ஆயினும் அவ்விடுதியில் நான் கற்ற ஒழுங்கு இன்றும் எனக்குத் துணையாக உள்ளது. நகம் வெட்டியிருக்க வேண்டும், மோதிரம் ஆகாது. தொடவேண்டிய பகுதியைத் தவிர ஏனைய உடலைத் துணியால் மூடிவைக்க வேண்டும். கட்டைவிரலால் மட்டும் அழுத்தினால் சில ஆண்டுகளில் நம் மூட்டே பழுதாகிவிடும். ஆதலால் முன்கையாலும் உடற்பாரத்தாலும் அழுத்தப் பழக வேண்டும். ஒருவர் நோவோடு சேர்த்துச் சொல்லும் வீட்டுக் கதை அவ்வறையை விட்டு வெளியே செல்லலாகாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, கை வைக்குமுன் கேட்க வேண்டும். காய்ச்சல் உண்டா? கருவுற்றிருக்கின்றாரா? இரத்தம் உறையாதிருக்க மருந்து உட்கொள்கின்றாரா? நீரிழிவால் பாதம் மரத்துப் போனவருக்குச் சூட்டின் அளவு தெரியாது. ஒத்தடக் கிழி தோலைப் பொசுக்கினாலும் அவர் அறியமாட்டார். கேள்வி கேட்காத கை எத்துணை அன்புடையதாயினும் ஆபத்தானது.

தாயின் உடல்நலம் குன்றியதால் ஊர் திரும்பி, இரத்தோட்டையில் ஓர் அறை எடுத்துத் தொழிலைத் தொடர்ந்தேன். அங்கு நிகழ்ந்ததே இக்கட்டுரைக்குக் காரணம்.

எங்கள் லயத்துப் பெண்ணொருத்தி பிள்ளை பெற்று இரண்டு வாரமாகியிருந்தது. இடது கெண்டைக்கால் நோவதாகக் கூறி, மாமியார் என்னை அழைத்தார். வலக்காலோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். இடக்கால் வீங்கியிருந்தது, தொட்டவிடம் சூடாகவும் இருந்தது. நான் எண்ணெய்ப் போத்தலைத் திறக்கவில்லை.

காலின் ஆழ்நாளத்தில் உறையும் குருதிக்கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைக்கக்கூடும் என்பதை ஜெர்மானிய மருத்துவர் ருடோல்ப் விர்ச்சோ 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே விளக்கியிருந்தார். பிள்ளைப்பேற்றுக்குப் பிந்திய வாரங்களில் இவ்வாபத்து மிகுதி. அத்தகைய காலை அழுத்தித் தேய்ப்பது கட்டியைப் பெயர்த்துவிடக்கூடும். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுமாறு கூறினேன்.

"என்னம்மா, வெள்ளக்காரனுக்குத்தான் எண்ணெய் தேய்ப்பியா? எங்க காலு ஒனக்கு ஆகாதோ?" என்றார் மாமியார்.

அச்சொல் சுட்டது. அருகிலிருந்த அம்மாயியும், "லேசா ஒருதரம் உருவி விடேன் புள்ள" என்றார். நான் உடன்படவில்லை, அம்மாயியையும் தொடவிடவில்லை. ஆட்டோ பிடித்து நானே உடன் சென்றேன். குருதிக்கட்டி என்பது பரிசோதனையில் உறுதியாயிற்று. ஊசி மருந்து ஏற்றினார்கள். அப்பெண் சுகமாகித் திரும்பினாள். மாமியாரும் பின்னர் என்னோடு முகங்கொடுத்துப் பேசினார்.

ஆனால் அன்றிரவு அம்மாயி உறங்கவில்லை. மருத்துவர் கூறியதை மறுபடியும் மறுபடியும் சொல்லச் சொன்னார். பிறகு, பல்லாண்டுகளுக்கு முன் பிள்ளை பெற்ற ஒருத்திக்கு இப்படியே கால் வீங்கியதையும், தாம் நன்றாக உருவிவிட்டதையும், மறுநாள் அவள் மூச்சுத் திணறி இறந்ததையும் கூறினார். பேய் அடித்ததென்று ஊரார் சொன்னார்களாம்.

"அப்ப அது என் கையாலயா புள்ள?"

இல்லை என்று கூறியிருந்தால் அது பொய்யாகியிருக்கலாம். ஆம் என்பதற்கும் என்னிடம் ஆதாரமில்லை. "தெரியல அம்மாயி. தேய்க்காட்டியும் அந்தக் கட்டி பெயரலாம். ஒனக்கு அன்னைக்கு யாரும் சொல்லித் தரலியே" என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. அதன்பின் எவருக்கும் எண்ணெய் தேய்க்க அவர் உடன்படவில்லை. நான் எவ்வளவோ கூறியும் பயனில்லை. நூற்றுக்கணக்கானோரின் நோவைத் தணித்த கைகள் ஒரு விடையில்லா வினாவால் ஓய்ந்தன. அவர் மறையும்வரை மாலைதோறும் நான்தான் அவருடைய வீங்கிய விரற்கணுக்களுக்கு எண்ணெய் தடவினேன்.

நாட்டுக் கைவைத்தியம் உயர்ந்ததா, நவீன மருத்துவம் உயர்ந்ததா என்ற விவாதம் அறிஞர் அவைகளில் நடைபெறுவதுண்டு. அம்மாயிக்கு அவ்விவாதம் தேவைப்படவில்லை. வீங்கிய காலுக்கும் களைத்த காலுக்கும் உள்ள வேறுபாட்டை யாரேனும் அவர் வாசலில் அமர்ந்து, அவர் மொழியில், மரியாதையோடு சொல்லியிருந்தால் போதும். பல்கலைக்கழகங்களில் பயிலும் நம் பிள்ளைகள் விடுமுறைக்குத் தோட்டங்களுக்கு வருகின்றனர். எண்ணெய் தேய்க்கும் கிழவிகள் இன்றும் ஆங்காங்கே உள்ளனர். அவர்களைக் கண்டால் ஏளனஞ் செய்யாது, அருகில் அமர்ந்து இதனைச் சொல்லுங்கள்: ஒரு கால் மட்டும் வீங்கிச் சுடுமாயின், தேய்க்க வேண்டாம், வைத்தியசாலைக்கு அனுப்புங்கள்.