பாதியில் நின்ற குரல்

வீட்டுப் பெரியவர்களின் குரலைக் கணினியில் பதிந்து வைக்க வேண்டும் என்ற ஆசை இப்போது பல பிள்ளைகளுக்கு வந்திருக்கிறது. நல்ல ஆசைதான். ஆனால் வாசகர்களே, பதிவுக் கருவி எதுவானாலும் அதற்கு ஓர் அளவு உண்டு. அதைத் தெரிந்துகொண்ட பிறகே பெரியவர்களைப் பேச உட்கார வைக்க வேண்டும்.

அளவு என்பது நமக்குப் புதிதல்ல. பழைய இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிடம்தான். 1902-ஆம் ஆண்டு கல்கத்தாவில் கௌஹர் ஜான் என்ற பாடகி, விரிவாகப் பாட வேண்டிய ராகத்தை அந்த நேரத்துக்குள் அடக்கி, முடிவில் தம் பெயரையும் சொல்லிப் பதிவு செய்தார். பிறகு கேசட் வந்தது. 60 என்று போட்ட கேசட்டில் பக்கத்துக்கு 30 நிமிடம். நாடா தீர்ந்ததும் 'டக்' என்று பட்டன் மேலே எழும்பும். அடுப்படியில் இருப்பவருக்கும் கேட்கும். உடனே திருப்பிப் போடுவோம். கணினியில் அந்த 'டக்' இல்லை. பல நேரங்களில் சத்தமில்லாமல் நின்றுவிடுகிறது.

நின்றால் என்ன, மறுபடியும் பேசச் சொன்னால் போயிற்று என்று நினைப்பீர்கள். பகாவ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நான் பார்த்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

அங்கே தொண்ணூறு வயது தாண்டிய பாட்டி ஒருவர் இருந்தார். 1942, 43-ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டார்கள் அல்லவா? அந்த வேலைக்குப் போன அவருடைய தகப்பனார் திரும்பி வரவில்லை. பேரன் என்னிடம் படித்தவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மடிக்கணினியைப் பாட்டி முன் வைத்தான். நானும் உடனிருந்தேன். லாரி வந்த நாள், தாயார் கட்டிக் கொடுத்த சோறு, தகப்பனார் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது என்று ஒன்றரை மணி நேரம் பேசினார். அழுதார். நாங்களும் அழுதோம்.

மாலையில் போட்டுக் கேட்டால் முதல் இருபது நிமிடம்தான் இருந்தது. லாரி இன்னும் தோட்டத்துக்குள் வரவே இல்லை!

அடுத்த வாரம் பேரன் மறுபடி கேட்டான். "அதான் அன்னைக்கே எல்லாத்தையும் சொல்லிட்டேனே ராசா" என்றார் பாட்டி. நாலே வாக்கியத்தில் முடித்துக்கொண்டார். ஒருமுறை அழுது சொன்னவரை இன்னொரு முறை அழச் சொல்ல யாருக்கு மனம் வரும்?

"ஏன் சார் நின்னுச்சு?" என்று பையன் கேட்டான். தேடிப் பார்த்தோம். அது இலவசமாக முயன்று பார்க்கக் கொடுத்த மென்பொருள். இருபது நிமிடத்துக்கு மேல் பதியாது. காசு கட்டினால்தான் பூட்டுத் திறக்கும். எனவே முதலில் பார்க்க வேண்டியது இந்தப் பூட்டைத்தான். சில மென்பொருள்களில் 'இத்தனை நிமிடத்தில் நிறுத்து' என்ற அமைப்பும் இருக்கும். விண்டோஸ் எக்ஸ்பி காலம் வரை கணினியோடு வந்த ஒலிப்பதிவுக் கருவி, தானாக 60 வினாடிதான் பதியும். 2007-இல் வந்த விஸ்டாவில்தான் அந்த வரம்பு நீங்கியது.

இரண்டாவது, இடம். இசைத்தட்டு சிடியின் தரத்தில் பதிந்தால் நிமிடத்துக்குச் சுமார் 10 மெகாபைட் ஆகும். ஒரு மணி நேரத்துக்கு 600-க்கு மேல். அவ்வளவு இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, கோப்பின் அளவு. பால் எடை எழுதும் செக்ரோலில் மூன்று கட்டம்தான் இருந்தால் 999-க்கு மேல் எழுத முடியுமா? 'வேவ்' என்ற ஒலிக்கோப்பும் அப்படித்தான். தன் நீளத்தைக் குறித்துக்கொள்ள அதில் உள்ள கட்டங்கள் 4 ஜிகாபைட்டோடு நிறைந்துவிடும். சிடி தரத்தில் அது ஆறே முக்கால் மணி நேரம். தரத்தை 96,000, 24 பிட் என்று உயர்த்திவிட்டால் இரண்டே மணி நேரம்தான். பேச்சுக்கு அவ்வளவு தரம் வேண்டாம். 'ஸ்டீரியோ'வும் வேண்டாம்; 'மோனோ' போதும். இடம் பாதியாகும், நேரம் இரட்டிப்பாகும்.

நான்காவது, கணினியின் தூக்கம். யாரும் தொடாமல் இருந்தால் சில கணினிகள் தாமாகவே உறங்கிவிடும். அந்த அமைப்பை மாற்றி, மின்சாரத்தில் செருகியே வையுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. முதல் நாளே வானொலியைப் பக்கத்தில் வைத்து, பேச வேண்டிய நேரம் முழுவதும் பதிந்து, கடைசி நிமிடத்தைப் போட்டுக் கேளுங்கள். மறுநாள் பெரியவர் பேசும்போது அரை மணிக்கு ஒருமுறை நிறுத்திச் சேமியுங்கள். அவர்களுக்கும் ஒரு மடக்குத் தேத்தண்ணீர் குடிக்க நேரம் கிடைக்கும். ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் பேர், ஊர், தேதி சொல்ல வையுங்கள்.

கணினி போனால் கடையில் வேறொன்று வாங்கலாம். சயாமுக்குப் போன தகப்பனை வாசலில் நின்று வழியனுப்பிய பிள்ளைகளுக்கு இன்று வயது எண்பதைத் தாண்டிவிட்டது. உங்கள் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ அப்படி ஒருவர் இருந்தால், வரும் சனிக்கிழமை வானொலியை வைத்துச் சோதித்துப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை அவரைப் பேச விடுங்கள்.