150 இருந்தால் 150

அவிநாசி போகும் சாலையோரம் ஒரு தையல் யூனிட்டின் ஆபீஸ் அறை. திங்கட்கிழமை என்பதால், சேவூர் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்து நிலக்கடலை ஏலத்துக்கு மூட்டை ஏற்றிய வண்டிகள் வெளியே வரிசையாகப் போகின்றன. உள்ளே கம்ப்யூட்டர் முன் ஓர் இளம்பெண். பக்கத்து ஸ்டூலில் கட்டிங் மாஸ்டர், முழங்கை வரை பனியன் பஞ்சு ஒட்டியிருக்கிறது. சுவரோர நாற்காலியில் நான். இருவரும் என்னை மறந்து வெகுநேரமாகிறது.

ஆர்டருக்கு ஓர் எக்செல் ஷீட். ஒவ்வொன்றிலும் தப்பாக அடிக்க வழியில்லாமல் கட்டங்களுக்கு விதி போட வேண்டும். கையால் போட்டால் பொழுது போய்விடும். அவள் பைத்தானில் ஒரு சின்ன நிரல் எழுதி வைத்திருக்கிறாள். எல்லா ஷீட்டையும் அது திறந்து, விதிகளை எழுதி மூடிவிடும். என்ன விதி என்பதைத்தான் மாஸ்டரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

குழந்தை உடுப்பு ஆர்டர். 3-6 மாதம் என்பதற்காகச் சைஸ் கட்டத்தில் 3-6 என்று அடித்ததும் எக்செல் அதை ஜூன் 3 ஆக்கிவிடுகிறது. 6-9 செப்டம்பர் 6 ஆகிறது. மனித மரபணுக்களுக்குப் பெயர் சூட்டும் குழுவையே ஆட்டிவைத்த தொல்லை இது. மார்ச்1, செப்ட்1 போன்ற பெயர்கள் தேதியாக மாறிக்கொண்டே இருந்ததால், 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் பெயர்களை மாற்றியதை அக்குழு சொன்னது. இங்கே அந்தச் சலுகை கிடையாது. சைஸ் பையர் கொடுத்தது. அவள் முதலில் கட்டத்தை டெக்ஸ்ட் ஆக்குகிறாள், பிறகு அதில் தேர்ந்தெடுக்கும் பட்டியலை வைக்கிறாள். கலருக்கும் பட்டியல்தான். ஒரே நேவியை ஆளுக்கொரு விதமாக அடித்தால் மொத்தக் கணக்கு சிதறிவிடும்.

துணி எடைக்கு வந்ததும் இருவரும் நின்றுவிடுகிறார்கள்.

வட்டக் கத்தி துணியில் 100 சதுர சென்டிமீட்டர் வெட்டும். அந்தத் துண்டு தராசில் 1.60 கிராம் காட்டினால், நூறால் பெருக்கி 160 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 160 கிராம். ஒரு பையன் 160 என்று அடிக்கிறான், இன்னொருவன் தராசில் கண்ட 1.6-ஐ அப்படியே அடித்துவிடுகிறான்.

"160 கேட்டிருந்தா எது வரைக்கும் விடலாங்ணா?"

"நூத்துக்கு அஞ்சு ஏற எறங்க இருக்கலாம் கண்ணு. 152-லிருந்து 168."

"அப்ப அதுக்கு வெளிய போனா அடிக்கவே விடாம நிறுத்திரட்டுங்களா?"

மாஸ்டர் உடனே பதில் சொல்லவில்லை. மேசையில் கிடந்த வெட்டுத் துண்டை எடுத்து விரலால் தேய்த்துப் பார்க்கிறார்.

"நிறுத்தாத கண்ணு. துணி 150 இருந்தா 150-ன்னுதான எழுதோணும்? நீ வழிய அடைச்சீன்னா பையன் 152-ன்னு அடிச்சுட்டுப் போயிருவான். துணி தப்புன்னு நமக்குத் தெரியாமயே போயிரும்."

அன்று அந்த அறையில் பேசியவற்றில் எனக்கு மிகப் பெரிதாகப் பட்டது இதுதான். எக்செல்லில் விதி மீறினால் மூன்று விதமாக நடக்கச் சொல்லலாம்: நிறுத்து, எச்சரி, தகவல் மட்டும் சொல். கெட்டிக்காரத்தனமாக எல்லாவற்றுக்கும் 'நிறுத்து' போடுபவர்கள் பொய்க் கணக்குக்குக் கதவு திறக்கிறார்கள். நடக்கவே முடியாததை மட்டும்தான் நிறுத்த வேண்டும். நடந்துவிட்ட கெட்டதை எழுத இடம் விட வேண்டும்.

அவளுக்கும் அது பட்டிருக்க வேண்டும். எழுதியதை அழிக்கிறாள். ஒரு கட்டத்துக்கு ஒரு விதிதான் போட முடியும் என்பதால் வேலையை இரண்டாகப் பிரிக்கிறாள். 80-க்குக் கீழோ 400-க்கு மேலோ அடித்தால் எக்செல் ஏற்காது, 1.6 அங்கேயே மாட்டிக்கொள்ளும். 152-க்கும் 168-க்கும் வெளியே போனால் ஏற்றுக்கொள்ளும், ஆனால் கட்டம் சிவக்கும்.

ஜாப் ஒர்க் பார்ட்டிகளின் ஜிஎஸ்டி எண்ணுக்கு 15 எழுத்து. அது ஒரு வரியில் முடிந்தது. ஒரே பண்டில் நம்பரை இரண்டாம் முறை அடிக்க விடாத விதியும் அப்படியே.

நிரலை ஓட்டுகிறாள். மாஸ்டர் தேநீரை ஆற்றி முடிப்பதற்குள் எல்லா ஷீட்டிலும் விதி ஏறிவிட்டது. அவளுக்கு மட்டும் நிம்மதி இல்லை. புதிதாக அடிப்பதைத்தான் விதி தடுக்கும். ஏற்கெனவே கிடக்கும் தப்பை அது தொடாது. வேறு ஷீட்டிலிருந்து நகல் எடுத்து ஒட்டினால் விதியே அழிந்துபோகும். ஆகவே பழைய எண்களையும் வாசித்துத் தப்புகளைத் தனியே எழுதும்படி நிரலில் சில வரிகளைச் சேர்க்கிறாள். மறுபடி ஓட்டியதும் வந்த பட்டியலில், ஒரே பண்டில் நம்பர் இரண்டு டெய்லர்கள் பேரில் நிற்கிறது.

பீஸ் ரேட்டில் தைப்பவர்களுக்கு பண்டில் நம்பர்தான் கூலி. மாஸ்டர் எழுந்துபோய் அந்த இருவரில் ஒருவரைக் கூட்டி வருகிறார். நடுத்தர வயது அம்மா, கையில் பண்டில் சீட்டு. இளம்பெண் சீட்டை வாங்கித் திரையோடு ஒப்பிட்டு, அடித்தவனின் தப்பைத் திருத்துகிறாள்.

"இனிமே என்ற பண்டில் வேற ஆளுக்குப் போவாதுங்களா சாமி?"

"ஒரு நம்பர ரெண்டாந்தரம் அடிச்சா வாங்காதுங்க்கா. ஆனா எங்கிருந்தாச்சும் கொண்டாந்து ஒட்டுனா வாங்கிரும். அதனால சனிக்கிழம சம்பளம் போடறதுக்கு முன்னால நானே இத இன்னொருக்கா ஓட்டிப் பாத்தர்றேன். நீங்க சீட்ட மட்டும் தொலைச்சராதீங்க."