பைக்காராவில் ஐஸ் வேகன்கள்

பைக்காராவுக்கு ரயில் கிடையாது. 1908ல் உதகைக்கு வந்து சேர்ந்த மலைப்பாதை அங்கேயே நின்றுவிட்டது. அப்பால் கூடலூர் சாலையில் சுமார் 20 கிலோமீட்டர் பஸ்தான். இங்கே ஒரு வாடகை அறையில் பன்னிரண்டு அமெரிக்க ஐஸ் வேகன்களை வைத்திருக்கிறேன். நிஜத்தில் 40 அடி நீளமானவை. 87ல் ஒரு பங்காகக் குறுகி 14 சென்டிமீட்டரில் அடங்கியவை. பாங்கு வேலை முடிந்த மாலைகளில் இவற்றை அழுக்காக்குவது என் வேலை.

அழுக்காக்குவது என்று தெரிந்தேதான் சொல்கிறேன். கடையிலிருந்து வரும்போது வேகன் விளம்பரப் பலகை மாதிரி பளபளக்கிறது. விளம்பரம் என்பது சரித்திரமும்கூட. இறைச்சி, பீர், வெண்ணெய்க் கம்பெனிகள் வாடகைக்கு எடுத்த வேகன்களின் பக்கச் சுவர்களில் தம் பெயரைப் பெரிதாக எழுதிக்கொண்டன. அது மறைமுகச் சலுகையாகிறது என்று 1934ல் அரசு ஆணையம் தடைவிதித்தது. ஆனால் பொம்மைக் கம்பெனிகளுக்குத் தடையில்லை. எந்தத் தண்டவாளத்திலும் ஓடியிராத வேகன்களுக்குக்கூட வர்ணம் பூசி விற்கிறார்கள்; சேகரிப்பவர்களும் வாங்குகிறார்கள்.

நிஜ வேகனின் இரு கோடிகளிலும் ஐஸ் அறைகள். கூரையில் மூடிகள். வழியில் உயரமான மேடைகளில் நின்று ஆட்கள் ஐஸ் பாளங்களை உள்ளே தள்ளுவார்கள். இறைச்சிக்கு உப்பும் சேரும். உப்பு சேர்ந்தால் உஷ்ணம் இன்னும் கீழே இறங்கும். ஒழுகிய உப்பு நீர் சக்கரச் சட்டங்களையும் தண்டவாளத்தையும் அரித்தது. உள்ளே காத்த குளிருக்கு வெளியே இரும்பு கொடுத்த விலை அது. அந்தத் துருவைத்தான் சாக்குப் பொடியாலும் மெல்லிய தூரிகையாலும் நான் தீட்டுகிறேன். மேலே மங்கல் வார்னிஷ். பைக்காராவின் ஈரக் காற்றில் அது வெளுத்துப் பாலாடை கட்டிவிடும் என்பதால் ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் அடித்தாக வேண்டும்.

கவிஞர் நண்பர் ஒருவர் பெயரெழுதாத ஒரு வேகனைப் பார்த்துவிட்டு, 'இதில் பைக்காரா என்று எழுதுங்கள். நீலகிரி கேரட்டைக் கொண்டுபோகட்டும்' என்றார். கேரட் இன்றும் லாரியில்தான் மேட்டுப்பாளையம் இறங்குகிறது என்றேன். 'நீங்கள் விமர்சகர். அழுக்குப் பூசத்தான் தெரியும்' என்றார். சிரித்துவிட்டுத்தான் சொன்னார். ஆனாலும் அந்த வார்த்தை என்னோடு தங்கிவிட்டது.

கற்பனை வேகன் எனக்கு விரோதியல்ல. வெளியூர்க் குளிர் நமக்கும் வந்திருக்கிறது. டியூடர் என்ற பாஸ்டன் வியாபாரி 1833ல் கல்கத்தாவுக்கு ஐஸ் அனுப்பினான். சென்னைக் கடற்கரையில் 1842ல் ஐஸ் ஹவுஸ் எழுந்தது. வந்து சேர்ந்தது வழியில் கரைந்தது போக மிச்சம். நம் கவிதைக்குள் மொழிபெயர்ப்பு வழியாக வந்திறங்கும் பனியிலும் சூன்யத்திலும் இந்தக் கரைவின் கணக்கு இல்லை. பக்கச் சுவரில் பெயர் மட்டும் கொட்டை எழுத்தில் இருக்கிறது. நண்பரின் கவிதைகளைப் பற்றி நான் எழுத மறுப்பதற்கும் இதுதான் காரணம். அதை அவரிடம் இதுவரை சொன்னதில்லை.

பைக்காரா என்று எழுதுவது ஒரு மாலை வேலை. அதற்கு முன் அந்த வேகன் எதைச் சுமந்தது, எந்தப் பாலத்தை அரித்தது என்று நான் சொல்ல முடியவேண்டும். இப்போதைக்குச் சக்கரச் சட்டத்தில் மட்டும் துரு ஏற்றியிருக்கிறேன். சுவர் காலியாக இருக்கிறது.