ஓடுகிற வீட்டுக்கும் ஓர் இல்லத்தரசி

சினிமா நட்சத்திரங்கள் படப்பிடிப்புக்கு நடுவே போய் உட்கார்ந்து கொள்ளும் ‘கேரவன்’ வண்டியைப் பற்றி நீங்கள் எல்லாரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதே ஜாதி வண்டி ஒன்று எங்கள் வீட்டு வாசலிலும் நிற்கிறது. உடனே, ‘அடேயப்பா, பெரிய பணக்காரி போலிருக்கு!’ என்று நினைத்துவிடாதீர்கள். நாங்கள் இருப்பது அமெரிக்காவில், அரிசோனா மாநிலத்தின் ஃபீனிக்ஸ் நகரில். இங்கே இதற்கு மோட்டார் ஹோம் என்று பெயர். நடுத்தரக் குடும்பத்தார்கூட பழைய வண்டியாகப் பார்த்து வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். வேனை விடப் பெரியது, பஸ்ஸை விடச் சின்னது. உள்ளே அடுப்பு, ஃபிரிட்ஜ், படுக்கை, குளிக்கிற இடம், கக்கூஸ் எல்லாம் அடக்கம்.

வாங்கியதற்குக் காரணம் என் மாமியார். ஊரிலிருந்து வந்தால் ஐந்தாறு மாதம் எங்களோடு இருப்பார். வெளிச் சாப்பாடு அவருக்கு ஆகாது. முழங்கால் வலி வேறு. வழியில் கழிப்பறையைத் தேடி நடக்க முடியாது. “அம்மாவுக்கு கிராண்ட் கேன்யனைக் காட்டணும்” என்று இவருக்கு ஆசை. ஏற்கெனவே ஒருவர் பன்னிரண்டு வருஷம் ஓட்டிய வண்டியை 2021-ல் வாங்கினோம். வண்டி அவர் பொறுப்பு, சமையலும் பிள்ளைகளும் என் பொறுப்பு என்று பாகம் பிரித்துக் கொண்டோம். அந்தப் பாகப் பிரிவினையில்தான் எல்லாத் தப்பும் ஆரம்பித்தது.

படுக்கைக்குப் பக்கத்துச் சுவரில் சோப்பு டப்பா அளவுக்கு வெள்ளையாக ஒன்று இருந்தது. அரை நிமிஷத்துக்கு ஒரு தரம் ‘கீச்’ என்று கத்தும். பிள்ளைகள் தூங்க முடியவில்லை. ஒரு நாள் பொறுக்க மாட்டாமல் அதிலிருந்த பாட்டரிகளைக் கழற்றி, கரண்டி வைக்கும் டிராயரில் போட்டேன். சத்தம் நின்றது. ‘அப்பாடா!’ என்றிருந்தது. இவரிடம் சொல்லக்கூடத் தோன்றவில்லை.

2022 அக்டோபரில் கிராண்ட் கேன்யன் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, ஃபிளாக்ஸ்டாஃப் ஊருக்குப் பக்கத்தில் காட்டுக்குள் ஓர் இடத்தில் இரவு தங்கினோம். கிட்டத்தட்ட 7,000 அடி உயரம். ஃபீனிக்ஸில் வெயிலில் வேகிற எங்களுக்கு அந்தக் குளிர் நடுக்கி எடுத்தது. வண்டிக்குள் இருந்த பாட்டரி இறங்கிவிட்டதால், இவர் ஜெனரேட்டரைப் போட்டு மின்சார ஹீட்டரை ஓடவிட்டார். ஜன்னல்களை இறுக்க அடைத்துவிட்டுப் படுத்தோம்.

இரவு இரண்டு மணி இருக்கும். சின்னவன் அழுதுகொண்டே எழுந்தான். “அம்மா, வயித்தைப் பிரட்டுது.” சொல்லி முடிப்பதற்குள் வாந்தி. கண்டதைத் தின்றிருப்பான் என்று நினைத்தேன். எனக்கும் மண்டை பிளந்தது. மலை உயரம் ஒத்துக்கொள்ளவில்லை என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அத்தை மெல்ல எழுந்து உட்கார்ந்து, “மூச்சு முட்டற மாதிரி இருக்குது கண்ணு. கதவைத் தெற, செத்த வெளியில உக்காந்துக்கறேன்” என்றார்.

“வெளியே உறைபனி அத்தை, சளி பிடிச்சுக்கும்.”

“புடிச்சா புடிக்கட்டும். நீ தெற.”

அந்தப் பிடிவாதம்தான் எங்களைக் காப்பாற்றியது. சால்வையைப் போர்த்தி அவரையும் பையனையும் வெளியே நாற்காலியில் உட்கார வைத்தேன். கொஞ்ச நேரத்தில் பையன் தெளிந்து, “தண்ணி குடு” என்றான். போர்வை எடுக்க உள்ளே போனேன். எனக்குக் கால் தள்ளாடியது. வெளியே வந்தால் தெளிகிறது, உள்ளே போனால் சுற்றுகிறது. அப்படியானால் கோளாறு வயிற்றில் இல்லை, வண்டியில்! அலறிக்கொண்டு இவரையும் பெரியவளையும் இழுத்து வெளியே கொண்டுவந்தேன். பெண்ணை எழுப்பவே முடியவில்லை. இவர் தள்ளாடித் தள்ளாடித் தூக்கி வந்தார். அந்த இரண்டு நிமிஷத்தை நினைத்தால் இன்றைக்கும் கை உதறுகிறது.

911-க்குப் போன் போட்டோம். தீயணைப்புக்காரர்கள் வந்து கையடக்கக் கருவியை வாசலில் நீட்டியதுமே அது ஊளையிட்டது. கார்பன் மோனாக்சைடு. ஆஸ்பத்திரியில் விடியும்வரை எல்லோருக்கும் மூக்கில் பிராணவாயு. நிறம் இல்லை, மணம் இல்லை. ரத்தத்தில் பிராணவாயு உட்கார வேண்டிய இடத்தை இருநூறு மடங்குக்கும் மேலான பிடிமானத்தோடு பிடித்துக்கொள்ளுமாம். சிறு பிள்ளைகளையும் வயதானவர்களையும் சீக்கிரம் தாக்கும் என்றார் டாக்டர்.

மறுநாள் மெக்கானிக் படுத்துப் பார்த்தார். ஜெனரேட்டரின் புகைக்குழாய் இணைப்பு தளர்ந்து விரிசல் விட்டிருந்தது. அதற்கு நேர் மேலே, கட்டிலுக்கடியில், என்றைக்கோ ஒயர் இழுக்கப் போட்ட ஓட்டை ஒன்று மூடாமல் கிடந்தது.

“உள்ளே அலாரம் இல்லையா?” என்று கேட்டார். நான் டிராயரைத் திறந்தேன். கரண்டிகளுக்கு நடுவே அந்தப் பாட்டரிகள். அந்த டப்பாவின் முதுகில் காலாவதித் தேதியே அச்சடித்திருந்தது. அது தாண்டிப் பல வருஷம் ஆகியிருந்தது. ‘என் ஆயுள் முடிந்தது, என்னை மாற்று’ என்றுதான் அது ‘கீச் கீச்’ என்று கெஞ்சியிருக்கிறது. நான் அதன் வாயைப் பொத்திவிட்டேன். இவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “நானும் ஒரு தடவையாவது குனிஞ்சு அடியில பார்த்திருக்கணும்” என்றார்.

அன்றைக்குப் பாகப் பிரிவினையை ரத்து செய்தோம். வீட்டைப் பராமரிக்கிற அதே கண், காது, மூக்குதான் இந்த வண்டிக்கும் வேண்டும். வெளிநாட்டில் வண்டி வைத்திருக்கும் சகோதரிகளுக்கும், விடுமுறைக்கு வாடகைக்கு எடுப்பவர்களுக்கும், மகள் வீட்டுக்குப் போய் அதில் ஏறப்போகும் தாய்மார்களுக்கும் நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

காதால் கவனிக்க வேண்டியது

வண்டிக்குள் மூன்று காவல்காரர்கள் உண்டு. புகை அலாரம் கூரையில் இருக்கும். கேஸ் அலாரம் தரைக்குச் சற்று மேலே இருக்கும். மூன்றாவது கார்பன் மோனாக்சைடு அலாரம். சில வண்டிகளில் பின்னால் சொன்ன இரண்டும் ஒரே டப்பாவாக வரும். ‘பீப்’ என்று நான்கு முறை கத்தி, நிறுத்தி, மறுபடி நான்கு முறை கத்தினால் விஷவாயு. எல்லோரும் வெளியே ஓட வேண்டும். எப்போதாவது ஒரு ‘கீச்’ என்றால் பாட்டரி தீர்ந்தது அல்லது ஆயுள் முடிந்தது. ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் பொத்தானை அழுத்திப் பாருங்கள். தேதி முடிந்ததைத் தயங்காமல் மாற்றுங்கள்.

தோசை வார்த்தால் புகை அலாரம் கத்தத்தான் செய்யும். அதைக் கழற்றாதீர்கள். கூரை விசிறியைப் போட்டு, எதிரே ஒரு ஜன்னலைத் திறந்து வைத்தால் புகை போய்விடும். குளிருக்காக அடுப்பை எரியவிடக் கூடாது. தூங்கும்போது ஜெனரேட்டர் ஓடவே கூடாது. பக்கத்து வண்டியின் ஜெனரேட்டர் புகை நம் ஜன்னல் பக்கம் வருகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூக்கால் கவனிக்க வேண்டியது

இங்கே அடுப்புக்குப் புரொப்பேன் கேஸ். நம் ஊர் சிலிண்டரைப் போலவே இதற்கும் இயற்கையில் வாசனை கிடையாது; கசிந்தால் தெரிவதற்காக நாற்றத்தைச் சேர்க்கிறார்கள். காற்றை விடக் கனமானதால் தரையில்தான் தேங்கும். சந்தேகம் வந்தால் குனிந்து முகருங்கள். நாற்றம் வந்துவிட்டால் எந்த சுவிட்சையும் தொடாமல் எல்லோரும் வெளியேறி, வெளியே இருக்கும் வால்வை மூடுங்கள். பழுது பார்த்த பிறகே உள்ளே போக வேண்டும். வருஷம் ஒரு முறை தெரிந்தவரிடம் கொடுத்துக் குழாய்களைச் சோதிப்பது நல்லது. நாமே சோப்பு நுரையை இணைப்புகளில் தடவினால், கசிவு இருக்கும் இடத்தில் குமிழ் கிளம்பும்.

இந்த வண்டிகளில் பல ஃபிரிட்ஜுகள் கேஸ் ஜுவாலையில் வேலை செய்யும். அதனால் பெட்ரோல் போடப் போகும் முன் கேஸை அடியோடு அணைத்துவிட வேண்டும். ஓடும்போதும் வால்வை மூடி வைப்பதே எங்கள் வழக்கம். நல்ல ஃபிரிட்ஜ் நாலைந்து மணி நேரம் குளிர்ச்சியைத் தாங்கும், பால் கெடாது.

2023 ஆகஸ்ட் 26 விடியற்காலையில் மதுரை ரயில் நிலையம் அருகே நின்ற சுற்றுலாப் பெட்டி தீப்பிடித்தது நினைவிருக்கிறதா? லக்னோவிலிருந்து வந்த யாத்ரீகர்கள். பெட்டிக்குள் தடையை மீறிக் கொண்டுவந்த சிலிண்டர். டீ போட அடுப்பு மூட்டினார்களாம். ஒன்பது உயிர்கள் போயின. இங்கே அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு அன்றைய ராத்திரிதான் கண்ணில் வந்தது. சக்கரத்தின் மேல் இருக்கிற சமையலறையில் ஓடித் தப்ப இடம் குறைவு.

கண்ணால் கவனிக்க வேண்டியது

2023 கோடையில் ஃபீனிக்ஸில் தொடர்ந்து 31 நாள் 110 டிகிரிக்குக் குறையாத வெயில். நம் கணக்கில் 43 டிகிரி செல்சியஸுக்கு மேல். இந்த வெயில் டயரையும் கூரையையும் தின்றுவிடும். டயர் தேயாமல் புதுசு மாதிரி இருக்கும். உள்ளே ரப்பர் செத்திருக்கும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ம் வருஷம் 23-வது வாரம் தயாரானது. ஐந்து வருஷம் தாண்டியதை வருஷா வருஷம் கடையில் காட்டுங்கள். காற்று பார்ப்பது எப்போதும் வண்டி ஓடுவதற்கு முன்பு, டயர் ஆறியிருக்கும்போது. நிறுத்தி வைக்கும் நாட்களில் டயருக்குத் துணி உறை போடுங்கள்.

கூரையை ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டும். மொட்டை மாடியில் மழைக்கு முன் விரிசல் பார்ப்போமே, அப்படி. விசிறி, குழாய் வெளியே வரும் இடங்களைச் சுற்றிப் பூசிய பசை காய்ந்து வெடித்தால் தண்ணீர் இறங்கும். அலமாரிக்கு மேலே பழுப்புக் கறை, சுவரை அழுத்தினால் மெத்தென்று அமுங்குவது இரண்டும் ஒழுகலின் அடையாளம். மரம் உள்ளே மக்கிவிட்டால் செலவு பத்து மடங்கு.

எங்கள் வண்டியின் உயரம் 11 அடி 2 அங்குலம். பெரிய எழுத்தில் எழுதி, ஓட்டுகிறவர் கண்ணில் படும்படி ஒட்டியிருக்கிறேன். தாழ்ந்த பாலத்துக்கு முன்னால் நின்று யோசிக்க நேரம் கிடைக்காது.

தண்ணீரும் கழிவும்

குடிதண்ணீர்த் தொட்டியைச் சீசனுக்கு ஒரு முறை சுத்தப்படுத்த வேண்டும். 15 காலன் கொள்ளளவுக்கு, வாசனை சேர்க்காத பிளீச் திரவம் கால் கப். தண்ணீரில் கலந்து ஊற்றி, தொட்டியை நிரப்பி, எல்லாக் குழாய்களிலும் ஓடவிட்டு, சில மணி நேரம் விட்டுப் பிறகு நெடி போகும்வரை நன்றாக அலசுங்கள். குடிதண்ணீர்க் குழாயும் கழிவுக் குழாயும் ஒரே அறையில் சேர்ந்து இருக்கக் கூடாது. கக்கூஸ் தொட்டி முக்கால்வாசியாவது நிரம்பும்வரை அதன் வால்வை மூடியே வையுங்கள். இல்லாவிட்டால் நீர் மட்டும் ஓடிக் கசடு காய்ந்துவிடும். முதலில் அதைத் திறந்து காலி செய்து, பிறகு குளித்த தண்ணீரைத் திறந்தால் குழாய் தானே கழுவிக்கொள்ளும். கையுறை அவசியம்.

பிள்ளைகளும் பாத்திரங்களும்

குக்கர், கல், எண்ணெய் டின் எல்லாம் கீழ்த்தட்டில். மேல் அலமாரியில் துணியும் அப்பளமும் மட்டும். ஒரு முறை பிரேக் போட்டதில் ஓர் இட்லித் தட்டு பறந்து வந்து இவர் தோளைப் பதம் பார்த்தது, தலையில் விழுந்திருந்தால்? வண்டி ஓடும்போது யாரும் கட்டிலில் படுக்கக் கூடாது, நடக்கக் கூடாது. எல்லோரும் பெல்ட் போட்டு உட்கார வேண்டும். ‘வீடு மாதிரிதானே’ என்று பிள்ளைகள் கெஞ்சுவார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள்.

சிவப்புப் பிடி வைத்த ஜன்னல்தான் அவசர வழி. பல வருஷம் திறக்காமல் ரப்பர் ஒட்டிக்கொண்டிருக்கும். வருஷத்துக்கு இரண்டு தரம் திறந்து பாருங்கள். பிள்ளைகளுக்கு விளையாட்டு மாதிரி ஒத்திகை வைத்தோம். அத்தையால் ஜன்னல் ஏற முடியாது. ஆகையால் அவர் படுக்கை இப்போது வாசலுக்குப் பக்கத்தில். வாசலருகே தீயணைப்பான், அதன் முள் பச்சையில் நிற்கிறதா என்று மாதம் ஒரு தரம் பார்க்கிறேன்.

ஊரில் இருக்கும் சகோதரிகளே, ‘இந்த வண்டி நமக்கெதற்கு’ என்று நினைக்க வேண்டாம். ஜன்னலில்லாத குளியலறையில் கேஸ் கீசர், ஊட்டிக் குளிரில் பூட்டிய அறைக்குள் கரி அடுப்பு, கதவடைத்த ஷெட்டில் ஏ.சி.யோடு ஓடும் கார், இவை எல்லாவற்றிலும் இருப்பது அதே மணமில்லாத எமன்தான். வீட்டில் ஒரே நேரத்தில் எல்லோருக்கும் தலைவலி, வாந்தி, வெளியே போனால் தெளிவு என்றால் கஷாயம் தேடாதீர்கள். முதலில் கதவைத் திறந்து வெளியேறுங்கள், பிறகு டாக்டரிடம் போங்கள்.

அத்தை இப்போது ஊரில் இருக்கிறார். நாங்கள் எங்காவது கிளம்புகிறோம் என்று தெரிந்தால் போதும், போன் வந்துவிடும். “முறுக்கு எடுத்துக்கிட்டயா” என்று கேட்பதற்கு முன்னால் கேட்பார்:

“கண்ணு, அந்த வெள்ளை டப்பாவை அமுக்கிப் பாத்தயா?”

“பாத்தாச்சு அத்தை” என்று சொன்ன பிறகுதான் இவர் சாவியைத் திருப்புவார்.