வெர்மான்ட் பனிமலையிலிருந்து

ஸ்ட்ராட்டன், வெர்மான்ட்,
பிப்ரவரி மாதம்.

அன்புள்ள நண்பருக்கு,

பாஸ்டனில் படிக்கும் தங்கள் குமாரன் விடுமுறைக்குத் தோழர்களோடு பனிமலைக்குப் போகவிருப்பதாகவும், ஸ்கீயா ஸ்னோபோர்டா, தலைக்கவசம் அவசியந்தானா என்று அவர்களுக்குள் தர்க்கம் நடப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். அந்தத் தர்க்கம் முற்றி வளர்ந்த பிரதேசத்திலேயே இப்போது சஞ்சரித்துக்கொண்டிருப்பதால், கண்டதையும் கேட்டதையும் விவரமாகவே எழுதுகிறேன்.

1934-இல் இந்த ராஜ்யத்தின் உட்ஸ்டாக் என்னும் ஊரில், பண்ணைச் சரிவொன்றில், ஃபோர்டு மோட்டாரின் இயந்திரத்தைக் கொண்டு வடத்தைச் சுழலச் செய்து, அதைப் பற்றிக்கொண்ட ஸ்கீக்காரர்களை மேலே இழுத்துச் செல்லும் ஏற்பாட்டை அமெரிக்காவிலேயே முதன்முதலாகச் செய்தார்கள். 1965-இல் மிச்சிகனில் ஷெர்மன் பாப்பன் தம் பெண் குழந்தைகளுக்காக இரண்டு ஸ்கீ கட்டைகளைச் சேர்த்துப் பிணைத்த விளையாட்டுப் பொருளை, மலையிறங்கத் தக்க பலகையாக, அதாவது ஸ்னோபோர்டாக, திருத்தியமைக்கும் நோக்கத்தோடு ஜேக் பர்ட்டன் 1977-இல் பட்டறை வைத்ததும் இந்த வெர்மான்டில்தான். மலை நிர்வாகங்கள் வெகுகாலம் பலகைக்கு இடங்கொடுக்க மறுத்தன. 1983-இல் ஸ்ட்ராட்டன் அனுமதித்தது. 1998-இல் நாகானோ ஒலிம்பிக்கிலேயே அது ஸ்தானம் பெற்றுவிட்டது. ஆயினும் இங்கிருந்து வடக்கே மேட் ரிவர் க்ளென் என்ற மலையில், ஒருவர் மட்டுமே அமரக்கூடிய தொங்கு நாற்காலிகள் 1948 முதல் ஏறி இறங்கிக்கொண்டிருக்க, பலகைக்கு மட்டும் இன்றும் பிரவேசமில்லை. 1995-இல் ஸ்கீ பிரியர்களே கூட்டுறவாகச் சேர்ந்து வாங்கிய மலையாதலால், அந்தச் சம்பிரதாயத்தை விடாமல் காத்துவருகிறார்கள்.

சரிவின் ஓரத்தில் நின்று இரண்டின் இயல்பையும் கவனித்தேன். ஸ்கீயில் காலுக்கொரு கட்டை, கைக்கொரு கழி, பார்வை பள்ளத்தை நோக்கி. விழும்போது கட்டை பூட்டுவிட்டுக் கழன்றுகொள்ளும் என்றாலும், கழலுமுன் அதன் நீளமே முழங்காலை முறுக்கிவிடுவதுண்டு. பலகைக்காரரோ பக்கவாட்டில் நின்று, இரு பாதங்களையும் ஒரே பலகையில் பிணைத்துக்கொள்கிறார். விழுந்தாலும் அந்தப் பிணைப்பு கழலாது. கையை ஊன்றி விழுவதால் மணிக்கட்டு ஒடிகிறது. குதிகால் பக்கத்து விளிம்பு பனியில் சிக்கிவிட்டாலோ, மல்லாந்து விழுந்து பின்மண்டையில் அடிபடுகிறது. முதுகுப்புறத்தில் வருகிறவரை அவர் காண்பதும் அரிது. இரு கட்சிக்கும் உள்ள மனஸ்தாபத்தில் பெரும்பங்கு இதிலிருந்தே பிறக்கிறது.

தலைக்கவசத்தைப் பற்றிய அபிப்பிராயமோ, பெரும்பாலும் சட்டத்தின் நிர்ப்பந்தமின்றி ஒரே தலைமுறைக்குள் அடியோடு மாறியிருக்கிறது. காது கேளாது, முகத்தில் காற்றுப் படும் சுகம் போய்விடும், பந்தயக்காரருக்கும் குழந்தைக்குமே அது வேண்டும் என்றெல்லாம் சொல்லிவந்த காலத்தில், 1997 டிசம்பர் 31-இல் பிரபல அரசியல் குடும்பத்து மைக்கேல் கென்னடியும், ஒரு வாரத்துக்குள் பாடகர் ஸானி போனோவும் கவசமின்றிச் சறுக்கி மரத்தில் மோதி மாண்டனர். 2009-இல் கியூபெக்கில், புதிதாகப் பழகுவோருக்கான சரிவில் விழுந்த நடிகை நடாஷா ரிச்சர்ட்ஸன், எழுந்து பேசிக்கொண்டிருந்தவர், இரண்டே நாளில் காலமானார். 2003 வாக்கில் அமெரிக்க மலைகளில் நூற்றுக்கு 25 பேரே கவசம் அணிந்தனர். பத்தாண்டுகளில் அது 70 ஆயிற்று.

அடிவாரத்துக் கடையில் ஒரு கவசத்தைக் கையில் வாங்கிப் பார்த்தேன். வெளியே வழவழப்பான கெட்டி ஓடு. உள்ளே விரற்கடை கனத்துக்கு வெள்ளை நுரை. காதுகளை மூட மெத்தென்ற மடல். அடி விழும்போது அந்த நுரை நசுங்கி, மண்டைக்குப் போக வேண்டிய அதிர்ச்சியைத் தான் வாங்கிக்கொள்கிறது. ஒரு முறை நசுங்கியது மறுமுறை காவாது என்பதால், பலத்த அடி பட்டதை எறிந்துவிட வேண்டுமென்றார் கடைக்காரர். ஐரோப்பியப் பரிசோதனையில் அதை ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழச் செய்கிறார்கள். அது மணிக்கு ஏறக்குறைய 20 கிலோமீட்டர் வேகத்துக்குச் சமம். சாதாரணமாகச் சறுக்குகிறவரே அதனினும் இரு மடங்கு வேகத்தில் இறங்குகிறார். கவசம் பரவிய பிறகு தலைக்காயங்கள் குறைந்தும், மரணங்கள் அந்த அளவுக்குக் குறையாததன் காரணம் இதுவே. 2013-இல் பிரான்ஸில் கவசம் அணிந்திருந்தும் பாறையில் மோதி, மோட்டார் பந்தய வீரர் மைக்கேல் ஷுமாக்கர் அடைந்த கதியை உலகமே அறியும்; அந்தக் கவசமில்லாவிடில் ஆஸ்பத்திரி வரை உயிர் தங்கியிராது என்று வைத்தியர்கள் சொன்னதையும் அதனோடு சேர்த்தே நினைக்க வேண்டும்.

ஆகவே என் அபிப்பிராயம் இது: கட்டையா பலகையா என்பது ருசியைப் பொறுத்தது, அதில் பிறர் தலையிட நியாயமில்லை, கவசம் தனக்கும் தன்னைப் பெற்றவர்களுக்கும் ஒருவன் செய்யும் கடமை, ஆனால் அந்தக் கவசமே துணிச்சலுக்கு அனுமதிச் சீட்டாகிவிடக் கூடாது. கீழே செல்பவருக்கே முதல் உரிமை, புறப்படுமுன் மேற்புறம் பார்க்க வேண்டும் என்பன இம்மலைகளின் விதிகள். வேகத்தை அடக்கி இவற்றை அனுஷ்டிப்பவனுக்கே நுரையும் ஓடும் பூரணமாகப் பயன்படும். சிரஞ்சீவியிடம் இதைச் சொல்லுங்கள். கட்டையோ பலகையோ எடுக்கும் கடையிலேயே கவசத்தையும் தலைக்குப் பொருந்தப் பார்த்து வாடகைக்கு வாங்கிக்கொண்டு, முதல் நாளை ஆசிரியரிடம் பாடம் கேட்பதிலேயே செலவிட வேண்டுமென்று நான் வற்புறுத்தியதாகவும் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள நண்பன்.